மணிக்கூண்டுப் பெட்டி

சுகுமாறனுக்குக் காத்திருக்கத் தெரியாது. வீடு ஜோகூர் பாருவில்; மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டிப் போய்ச் சிங்கப்பூரில் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. எங்கே நின்றுபோனாலும் கூப்பிடுவார்கள், போவார், மூடியைக் கழற்றுவார், எது கெட்டதோ அதை மாற்றுவார், மூடிவிட்டுத் திரும்புவார். வாழ்க்கையையும் அப்படித்தான் நடத்திவந்தார். அப்பேர்ப்பட்ட மனிதரை ஜோகூர் பாருவில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்காரவைத்து, “உங்கள் மனைவியின் நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றப்போகிறோம், நீங்கள் வெளியே இருங்கள்” என்று சொல்லிவிட்டார்கள். கழற்றவும் மாட்டவும் அவருக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

மனைவி சந்திரமதிக்குப் பிள்ளை குட்டி இல்லை. அதனால் அவள் பாசம், கோபம், கிண்டல் எல்லாமே இந்த ஒருவர் தலையில்தான் விடியும். கிண்டலுக்கு அவள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது அவருடைய பெட்டி விளையாட்டை. விளையாட்டு இதுதான்: யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியைப் பொது இடத்தில் யார் கண்ணிலும் படாமல் ஒளித்துவைத்து, இருக்குமிடத்தைக் கைப்பேசிச் செயலியில் குறித்துவைப்பார். மற்றவர்கள் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார்கள். உள்ளேயிருந்து ஏதாவது எடுத்தால் பதிலுக்கு ஏதாவது வைக்கவேண்டும். உலகம் முழுக்க ஆடுகிறார்கள். சுகுமாறன் ஜோகூர் முழுக்க வைத்திருந்தார். கெலாங் பாத்தாவில் ஒரு பாலத்தடியில், மெர்சிங்கில் படகுத்துறைப் பக்கத்தில், இன்னும் எங்கெங்கோ. தண்ணீர் புகாத சின்ன டப்பாக்களை வாங்கிப் பச்சை வண்ணம் அடித்துக் காயவைத்திருப்பார். வீட்டில் பருப்பு போட டப்பா இல்லை, ஊரில் இருக்கிற மரத்துக்கெல்லாம் டப்பா வாங்கிக் கொடுக்கிறார் என்று சந்திரமதி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

அன்று காலை அவள் சிரிக்கவில்லை. உடம்பில் ஒரு குண்டுமணி உலோகம் இருக்கக்கூடாது என்று மிஸி சொல்லிவிட்டாள். அந்தப் பக்கத்தில் தாதியை எல்லாரும் மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மெட்டி, தோடு, வளையல் எல்லாம் மளமளவென்று கழன்றன. தாலிக்கு மட்டும் கை ஏறவில்லை. கல்யாணத்தன்று கழுத்தில் ஏறியது, அன்றுவரை இறங்கியதில்லை. தங்கம் கூடாதென்றால் மஞ்சள் கயிறாவது கட்டிக்கொள்கிறேன் என்று கேட்டுப்பார்த்தாள். மிஸி நல்லவள்தான், மலாய்க்காரி, தன்மையாகத்தான் பேசினாள். ஆனால் கழுத்துக்குக் கீழேதான் கத்தி வைக்கப்போகிறார்கள், நூலும் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சந்திரமதி இதை எதிர்பார்த்தே வந்திருந்தாள் போலிருக்கிறது. கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்தாள். தாலியைத் தலைவழியே கழற்றிக் கண்ணில் ஒற்றி, ஒரு விரலி மஞ்சளும் துளி குங்குமமும் சேர்த்து அந்தத் துணியில் முடிந்தாள். முடிச்சை ஒரு டப்பாவில் வைத்து அழுத்தி மூடினாள். பச்சை டப்பா. வீட்டிலிருந்து அவருடைய சரக்கில்தான் ஒன்றை எடுத்துவந்திருந்தாள்.

“இதுக்குள்ள தண்ணிகூடப் போகாதுன்னு நீங்கதானே சொல்வீங்க,” என்றாள். “நான் கண்ணு முழிச்சதும் நீங்கதான் போட்டு விடணும். வேற யாரு கையிலயும் குடுக்காதீங்க. மிஸிகிட்டகூட.”

உனக்கு ஆபரேஷனுக்குப் பயமில்லை, இதற்கா பயம் என்று அவர் கேலி செய்தார்.

“எனக்கு என்னா, டாக்டருங்க இருக்காங்க. உங்களுக்கு யாரு இருக்கா? இது என் கழுத்துல இல்லாத நேரத்துல உங்களுக்கு ஒன்னு ஆகிடக்கூடாது. எங்கயும் போகாம இங்கயே இருங்க.”

வெறுங்கழுத்தோடு அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். சுகுமாறன் டப்பாவை முதுகுப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பையில், எப்போதும் போல, தாளும் பென்சிலும் போட்டுத் தயாராக வைத்த இன்னொரு பச்சை டப்பாவும் இருந்தது.

அவள் சொன்னபடி அவர் மதியம்வரை அங்கேயே இருந்தார். அதற்கு மேல் முடியவில்லை. ஆபரேஷன் அறைக் கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார், வருவது வேறு யாரோ என்று தெரிந்து உட்கார்ந்தார். கைப்பேசியைத் திறந்தார். செயலியில் ஒரு செய்தி வந்திருந்தது. கடலோர மணிக்கூண்டில் அவர் வைத்திருந்த பெட்டியின் மூடி உடைந்து மழைநீர் புகுந்துவிட்டது, தாள் கூழாகிவிட்டது, கவனிக்கவும் என்று யாரோ எழுதியிருந்தார்.

அந்த மணிக்கூண்டு ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரம். சுல்தான் காலத்துக் கட்டடம், நகரத்துக்கே அடையாளம். அங்கிருந்துதான் மெர்சிங்வரை போகிற நெடுநடைப் பாதை தொடங்குகிறது. கடலோரமாகப் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டங்களுக்குள் நுழைந்து, நாள்கணக்கில் நடக்கவேண்டிய பாதை. நடக்க வருகிறவர்கள் மணிக்கூண்டருகே நின்று ஒரு படம் எடுப்பார்கள், அந்த விளையாட்டு தெரிந்தவர்கள் சுகுமாறனின் பெட்டியையும் எடுப்பார்கள். நல்ல இடம், அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

உடைந்த பெட்டி ஒன்று. அவரால் சரிசெய்ய முடிந்த ஒரே பொருள் அன்றைக்கு அந்த ஊரில் அதுதான். ஐந்து நிமிடம், போய் மாற்றிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இப்படித்தான் நடக்கிறது. ஓணான் தானாக யார் மடியிலும் ஏறுவதில்லை.

மணிக்கூண்டின் பின்பக்கம் இரும்புக் கம்பித் தடுப்பு, அதற்குள் ஒரு கல் பெயர்ந்த பொந்து. அதில்தான் பெட்டி. ஒளித்துவைக்கிறவன் யார் கண்ணிலும் படக்கூடாது என்பது விளையாட்டின் முதல் விதி. அன்று பார்த்துக் காவலாளி ஒருவர் தொப்பியைச் சரிசெய்தபடி அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். சுகுமாறன் ஷூ கயிறு கட்டுகிறவர் போல குனிந்தார், உடைந்த பெட்டியை வெளியே இழுத்தார், முதுகுப்பைக்குள் பார்க்காமலே கையை விட்டார், கைக்கு வந்த பச்சை டப்பாவைப் பொந்துக்குள் தள்ளினார். எழுந்து கடலைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுக் காட்டினார். காவலாளி போய்விட்டார். மனசு கொஞ்சம் இலேசானது. ஒரு காரியமாவது ஒழுங்காக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வராந்தாவுக்குத் திரும்பினார். பாவம், வேறென்ன சொல்ல.

கதவு திறக்கவே இல்லை. மிஸியிடம் கேட்டார். இன்னும் நேரமாகும், எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் சிக்கலாக இருக்கிறது, டாக்டர் வந்து சொல்வார் என்றாள். அந்தச் ‘சிக்கல்’ என்ற சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது கைப்பேசி சிணுங்கியது. மணிக்கூண்டுப் பெட்டியை லோஷினி என்ற பெண் கண்டெடுத்திருந்தாள். நெடுநடையைத் தொடங்குகிறேன், பெட்டி கிடைத்தது, ஆனால் பெயர் எழுத உள்ளே தாள் இல்லை என்று குறிப்பு.

தாள் இல்லையா? அவரே மடித்துவைத்த தாள். பென்சிலை அதற்குள் சுருட்டிவைத்ததுகூட நினைவிருந்தது. சரியாகப் பார்க்காத பெண் என்று அலுத்துக்கொண்டார். அந்த அலுப்பு முகத்தில் இருக்கும்போதே, பையில் பச்சை டப்பா இரண்டு இருந்தது நினைவுக்கு வந்தது. முதுகுப்பையைத் திறந்து, உள்ளே இருந்த டப்பாவை எடுத்து மூடியை நெம்பினார். தாளைச் சுற்றிய பென்சில் உருண்டு தரையில் விழுந்தது.

அவர் எப்படி ஓடினார் என்று அவருக்கே தெரியாது. வயசு ஐம்பதைத் தாண்டிவிட்டது, சாலையில் ஹார்ன் அடித்தவர்கள் என்ன திட்டினார்கள் என்பதும் காதில் விழவில்லை. காவலாளி பார்த்தால் பார்க்கட்டும் என்று கம்பிக்குள் கையை விட்டு டப்பாவை எடுத்தார். மஞ்சள் துணி இல்லை. தாலி இல்லை. விளையாட்டின் விதியை அந்தப் பெண் மீறவில்லை. எடுத்ததற்குப் பதிலாக ஒன்று வைத்திருந்தாள். கால் கொப்புளத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர், புதுசு, உறை பிரிக்காதது.

எடுத்திருக்கிறாள் என்றால் அவளிடம்தான் இருக்கும். நடந்து போகிறவள்தானே, எவ்வளவு தூரம் போயிருப்பாள்? இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு செயலியில் அவளுக்குச் செய்தி அனுப்பினார். தன் எண்ணைக் கொடுத்தார். தாலி என் மனைவியுடையது, தயவுசெய்து கூப்பிடவும் என்று எழுதினார். பின்னே போகலாமா என்று பார்த்தார். ஒரு பக்கம் கடலோரமாகப் பாதை நீண்டு போனது, ஒரு பக்கம் ஆஸ்பத்திரியின் மாடிகள் தெரிந்தன. பாதையில் போனால் அந்தக் கதவு திறக்கும்போது அவர் இருக்கமாட்டார். கதவடியில் போய் நின்றால் தாலி நடந்து போய்க்கொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே, மணிக்கூண்டு நிழலில், கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அவள் கூப்பிட்டாள். இளம் குரல், மூச்சு வாங்கியது.

“அங்கிள், நான் லோஷினி. அந்த ஆன்ட்டி... ஆன்ட்டிக்கு அது வேணுமா அங்கிள்?”

வேணுமாவா என்று அவர் கத்திவிட்டார். பிறகு தணிந்து, அது இருக்கிறதா, அதை மட்டும் சொல்லும்மா என்றார்.

அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னாள். அவள் ஜோகூரின் உட்பகுதியில் இருக்கும் லாபிஸ் ஊர்க்காரி. போன வருஷம் அப்பா தவறிவிட்டார். அம்மா கழுத்துத் தாலியை இறக்கிப் பாலில் போட்டு, பிறகு மஞ்சள் துணியில் முடிந்து ஆற்றில் விட்டார்கள். அந்த முடிச்சை ஆற்றுக்குக் கொண்டுபோனதே அவள்தான். தங்கத்தை விடவேண்டாம் என்று சித்தப்பா சொன்னதற்கு, அவர் இல்லாத வீட்டில் அது எனக்கெதற்கு என்று அம்மா சொல்லிவிட்டாராம்.

“டப்பாவ தொறந்தா அதே மாதிரி மஞ்ச துணி அங்கிள். அதே மாதிரி முடிச்சு. யாரோ ஒரு ஆன்ட்டிக்கு வீட்டுக்காரர் போயிட்டாரு, கடல்ல விட வந்துட்டு மனசு வராம பக்கத்துலயே வச்சிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சேன். அத போயி சீனவங்க, வெள்ளக்காரங்க எல்லாம் எடுத்துப் பாத்து வெளாடுவாங்களேன்னு இருந்துச்சு. அதான் நானே படியில எறங்கி...”

கடலில் விட்டுவிட்டாள். அந்த ஆன்ட்டிக்கு ஆறுதல் கொடு, போன அங்கிளின் ஆத்மா சாந்தியடையட்டும் என்று கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு விட்டிருக்கிறாள். ஒரு சீனப் பையன் எடுத்திருந்தால் அழகாக இருக்கிறதே என்று வைத்துக்கொண்டிருப்பான், கேட்டால் கொடுத்திருப்பான். ஒரு வெள்ளைக்காரி எடுத்திருந்தால் படம் பிடித்துப் போட்டிருப்பாள். தாலி என்றால் என்ன என்று தெரிந்த ஒரு கை, இரக்கமுள்ள ஒரு கை, அதை எடுத்ததுதான் கேடு. சுகுமாறனுக்கு அவளைத் திட்ட வாய் வரவில்லை. யாரைத் திட்டுவது?

அவள் கார் பிடித்துத் திரும்பி வந்தாள். முதுகில் பெரிய பை, வெயிலில் கறுத்த முகம், கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. மணிக்கூண்டுக்குக் கீழே கடலில் இறங்குகிற கல்படியைக் காட்டினாள். அவள் நின்ற படி இப்போது தண்ணீருக்குள் இருந்தது. நீர் ஏறிக்கொண்டிருந்தது, ஜோகூர் நீரிணைக்கே உரிய மண் கலங்கிய நீர், விரலை விட்டால் நகம் தெரியாது. சுகுமாறன் பேன்ட்டைக்கூட மடிக்காமல் முட்டிவரை இறங்கினார். காலடியில் சேறு வழுக்கியது. குனிந்து துழாவினார். கிளிஞ்சல் ஓடு வந்தது, பிளாஸ்டிக் பை வந்தது. அந்தப் பெண்ணும் அழுதபடியே பக்கத்தில் இறங்கித் துழாவினாள். மேலேயிருந்து காவலாளி ஏறி வரச்சொல்லிக் கூப்பிட்டார். எதிர்க்கரையில் சிங்கப்பூர் தன்பாட்டுக்கு வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆபரேஷன் முடிந்தது, வாருங்கள்.

நீங்க போங்க அங்கிள், நான் தேடுறேன், தண்ணி வத்துனதும் சேத்துல தேடுறேன் என்றாள் லோஷினி. அவள் சொன்னபடியே தேடினாள். அன்று நடையைத் தொடரவில்லை. மறுநாள் விடிந்து நீர் வற்றியபோதும் சேற்றில் நின்று தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று அவர்கள் இரண்டு பேருமே நம்பவில்லை, ஆனாலும் தேடாமல் இருக்க முடியவில்லை.

நனைந்த காலோடு வந்த சுகுமாறனிடம் டாக்டர், வால்வு நன்றாகப் பொருந்திவிட்டது, இரண்டு நாள் கவனமாகப் பார்க்கவேண்டும், மனசுக்கு அதிர்ச்சி எதுவும் கூடாது என்றார். தீவிரக் கண்காணிப்பு அறையில் சந்திரமதி படுத்திருந்தாள். வாயில் குழாய், கையில் குழாய், தலைமாட்டில் திரையில் எண்கள் ஓடின. கழுத்து வெறுமையாக இருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த இடத்தை அவர் நின்று பார்த்ததே இல்லை. சங்கிலி அழுத்திய தடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டார்.

மாலையில் கண் விழித்தாள். பேச முடியவில்லை. கை மட்டும் மெல்ல எழும்பிக் கழுத்தை நோக்கிப் போனது. பாதி வழியில் பலமில்லாமல் விழுந்தது. அவரைப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று அவருக்கா தெரியாது? பத்திரமாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டாள். இந்தத் தலையாட்டலுக்கு என்ன பாவமோ, அது என் தலையோடு போகட்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அதே மாதிரி இன்னொன்று வாங்கிவிடலாம் என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் அந்தத் தாலியில் ஒரு ஓரம் நசுங்கியிருக்கும். கட்டிய புதிதில் கார்க் கதவில் மாட்டி நசுங்கியது. பேசும்போதெல்லாம் சந்திரமதியின் கட்டைவிரல் அந்த நசுங்கலைத் தடவிக்கொண்டே இருக்கும். கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் அவளுக்குத் தெரிந்துவிடும்.

மறுநாள் வாய்க்குழாயை எடுத்தார்கள். தொண்டை கரகரத்தது. தண்ணீர்கூடக் கேட்கவில்லை அவள்.

“போட்டு விடுங்க,” என்றாள்.

இந்த அறையில் கழுத்தில் எதுவும் போட மிஸி விடமாட்டாள் என்றார். அது உண்மையும்கூட. உண்மை ஒன்று கையில் கிடைத்ததே என்று அவர் ஒரு கணம் ஆறுதல்பட்டார்.

“அப்ப கண்ணுல காட்டுங்க.”

அவரிடம் காட்ட ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இரண்டு கைகளையும் கட்டில் கம்பியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். உட்காரமுடியாமல் போனது, காவலாளி வந்தது, பார்க்காமல் பைக்குள் கையை விட்டது, லாபிஸ் பெண் கும்பிட்டுவிட்டுக் கடலில் விட்டது. டாக்டர் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் இந்த ஒருத்தியிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை, முந்தின நாள் தலையாட்டிச் சொன்ன ஒன்றையே தாங்க முடியவில்லை. சொல்லி முடித்துவிட்டு, திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டவேண்டும் என்று ஆசைப்பட்டார். பெட்டிப் பைத்தியம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

அவள் திட்டவில்லை. அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கிட்ட வரச்சொன்னாள். வந்ததும் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“உங்களுக்கு நெஞ்சு வலி ஏதும் இருக்கா?”

“இல்ல.”

“நெஜமா சொல்லுங்க. ராத்திரி தூங்குனீங்களா? மூச்சு வாங்குதா?”

எனக்கொன்றும் இல்லை சந்திரா என்றார். படுத்திருக்கிறவள் நீ என்றார். அவள் காதில் விழவில்லை.

“தண்ணியில எறங்குனீங்களா?”

“முட்டி வரைக்கும்தான்.”

பிடி இறுகியது. நெஞ்சை அறுத்துத் தைத்து ஒரு நாள் ஆன உடம்பில் அந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “கடல்ல விட்டாச்சா,” என்றாள். “நீங்க செத்துட்டீங்கன்னு கும்பிட்டே விட்டாச்சா.” குரல் உடைந்தது. இனிமேல் பாலம் தாண்டி வேலைக்குப் போகவேண்டாம், மோட்டார் சைக்கிள் தொடவேண்டாம், படி இறங்கும்போது பார்த்து இறங்குங்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். தலைமாட்டில் எண்கள் ஏறத் தொடங்கின. இயந்திரம் கத்தியது.

மிஸி ஓடிவந்தாள். இன்னொருத்தியும் வந்தாள். அவரை வெளியே போகச்சொன்னார்கள். சந்திரமதி மணிக்கட்டை விடவில்லை. மிஸி ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது. வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நல்லது என்று நினைத்து உண்மையைச் சொன்னோம், இதுவும் கெட்டது என்று அவருக்கு உறைத்தது.

கண்ணாடிச் சுவர் வழியாக உள்ளே தெரிந்தது. அவள் தலையைத் திருப்பி அவரைத் தேடினாள். ஊசி போட்டார்கள், அப்படியும் தேடினாள். அவர் கண்ணாடியோடு ஒட்டி நின்றார். கண்ணில் பட்டதும் எண்கள் கொஞ்சம் இறங்கின. மிஸி அதைக் கவனித்துவிட்டு, அப்படியே நில்லுங்கள், நகராதீர்கள் என்று கையால் சைகை செய்தாள்.

நின்றார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று காட்ட கையை ஒருமுறை உயர்த்தினார், சிரித்துப் பார்த்தார். மருந்தின் மயக்கத்தில் அவள் இமைகள் சரிந்தன. சரியச் சரிய வலிந்து திறந்து, அவர் இருக்கிறாரா என்று பார்த்தாள். தூங்கு, தூங்கு என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் தூங்கவில்லை.